பர்மிங்காம் ஃப்ளாட்டுக்கு மார்ட்கேஜ் கட்ட முடியவில்லை, அருமனை ரப்பர் தோட்டத்தை விற்கலாமா?

பள்ளியாடிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி விவரம் சொன்னால் பாதி பதில்தான் வரும்.

நானும் மனைவியும் 2015-இல் இங்கிலாந்து போனோம். அவள் நர்ஸ். நான் ஒரு வேர்ஹவுஸில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 2022 ஜனவரியில் பர்மிங்காமில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், தரைத்தளத்தில், ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கினோம். விலை 2,12,000 பவுண்டு. பத்து சதவீதம் கைப்பணம், மீதி 1,90,800 கடன். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, 30 வருடத்துக்கு. முதல் இரண்டு வருடம் 1.95 சதவீத ஃபிக்ஸ் (மாறாத வட்டி), மாதம் 700 பவுண்டுதான் வந்தது. அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த வாடகையைவிட அது குறைவு.

அந்த ஃபிக்ஸ் முடிந்தபோது வட்டி எங்கே போயிருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 5.7 சதவீதத்தில் அடுத்த இரண்டு வருடம், மாதம் 1,081. இரண்டு பேரும் வேலையில் இருந்ததால் சமாளித்தோம். 2025 தொடக்கத்தில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது பக்கம் வரவில்லை. நான் ஒரே பையன். முதலில் நான் வந்தேன், பள்ளி முடிந்ததும் மனைவியும் பிள்ளையும் வந்தார்கள்.

ஃப்ளாட்டை இப்போது ஒரு கோட்டயம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை 1,000 பவுண்டு. ஏஜென்சி 12 சதவீதம் எடுத்தபின் கைக்கு 880. தவணை 1,081. இது தவிர கட்டிடத்தின் சர்வீஸ் சார்ஜ். வாங்கும்போது வருடத்துக்கு 1,500 என்றார்கள், இப்போது 2,600. கடைசியாக வந்த பில்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரிய வரியே லிஃப்ட் பராமரிப்பு. நாங்கள் தரைத்தளம், அந்த லிஃப்டில் ஏறியதே இல்லை. எல்லாம் சேர்த்தால் மாதம் 418 பவுண்டு துண்டு விழுகிறது. பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஐம்பதாயிரம். மனைவிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 24,000 சம்பளம். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு ரப்பரையும் பார்க்கிறேன். இந்த மழையில் எத்தனை நாள் பால் வெட்டு நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கொண்டுவந்த சேமிப்பு கரைந்துகொண்டு இருக்கிறது.

இந்த ஜனவரியில் (2026) ஃபிக்ஸ் முடிகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பேங்க் தானே வைக்கிற ஸ்டாண்டர்ட் வேரியபிள் ரேட்டுக்குப் போய்விடும், மாதம் 1,250 வரை வரும் என்று கடிதம் வந்திருக்கிறது. அசல் இன்னும் 1,75,700 இருக்கிறது. விற்கலாம் என்றால் ஒரு ஏஜென்ட் 1,80,000-க்கு விளம்பரம் போடலாம் என்கிறார், இன்னொருவர் சீக்கிரம் போக வேண்டும் என்றால் 1,72,000 என்கிறார்.

வீட்டில் இரண்டு யோசனை ஓடுகிறது. மாமனார் சொல்வது: அருமனையில் என் பெயரில் இருக்கும் 80 சென்ட் ரப்பரை விற்று அந்தக் கடனில் போடு, லண்டன் வீடு கையை விட்டுப் போகக் கூடாது. (பர்மிங்காம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு லண்டன்தான்.) புரோக்கர் ஒருவர் டேப்போடு வந்து அளந்துவிட்டே போனார், சென்டுக்கு ஐம்பதாயிரம் பேசுகிறார். சித்தப்பா சொல்வது: "சாவியைக் கூரியர்ல அனுப்பிட்டு பேசாம இரு மக்கா. அவனுவ இங்க வந்து உன்ன என்ன செய்யப் போறானுவ?"

இதில் எது சரி? அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கடற்காற்று:

சித்தப்பா சொல்வதுதான் சரி. நான் 2016-இல் வளைகுடாவிலிருந்து கார்டு பாக்கியோடு வந்தவன். நாகர்கோவில்லேர்ந்து ஒரு ஏஜென்சி பையன் கொஞ்ச நாள் போன் பண்ணினான், நம்பரை மாத்தினேன், முடிந்தது. பிறந்த மண்ணை விற்று வெள்ளைக்காரனுக்குக் கொடுக்காதீர்கள்.

தக்கலை அக்கா:

தம்பி, நான் நார்த்தாம்ப்டனில் 17 வருடம் இருந்தேன். முதலில் நர்ஸ், கடைசி சில வருடம் ஓய்வு நாளில் ஒரு கடன் ஆலோசனை மையத்தில் வாலண்டியர். அங்கிருந்த எங்கள் ஃப்ளாட்டை தக்கலையில் உட்கார்ந்தபடியே விற்று முடித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. திரும்பிப் போவீர்களா, மாட்டீர்களா? உங்கள் பதிவில் எல்லாக் கணக்கும் இருக்கிறது, இது மட்டும் இல்லை. ஐ.எல்.ஆர். (அங்கே காலவரையின்றித் தங்கும் அனுமதி) வைத்திருந்தால் தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் அது போய்விடும். அதாவது உங்களுக்கு 2027 வரைதான் கதவு திறந்திருக்கும். போவதாக இருந்தால் ஃப்ளாட்டைத் தாங்கிப் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. போக மாட்டீர்கள் என்றால், அந்த 418 பவுண்டு எதற்காகப் போகிறது என்று யோசியுங்கள். நிறையப் பேர் இந்த முடிவை எடுக்க மனமில்லாமல் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மையத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசி அந்த ரகம்.

தோட்டத்தை விற்றால் 40 லட்சம் வரும், பவுண்டில் 33,000. அதைக் கடனில் போட்டாலும் 1,42,000 பவுண்டு அசல் மிச்சம் நிற்கும், சர்வீஸ் சார்ஜ் ஒரு பைசா குறையாது. மாதா மாதம் துண்டு விழுவதை அடைக்க நிலத்தை விற்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கணக்கை ஒரேயடியாக முடிப்பதற்கு ஒரு சின்னத் தொகை தேவைப்பட்டால், அது வேறு விஷயம். அதைப் பிறகு பேசலாம்.

சாவியைத் திருப்பி அனுப்புவது பற்றி. இங்கிலாந்தில் சாவி கொடுத்தால் கடன் தீராது. பேங்க் அதை விற்கும் வரை வட்டி ஓடும், சர்வீஸ் சார்ஜ் ஓடும், இன்சூரன்ஸ், வக்கீல் செலவு எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். பெரும்பாலும் ஏலத்தில்தான் போகும், காலி ஃப்ளாட்டுக்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டாம். விற்றபின் குறைகிற தொகை உங்கள் இருவர் பெயரிலும் சாதாரணக் கடனாக நிற்கும். ஆளுக்குப் பாதி என்று கிடையாது, முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அசலுக்கு 12 வருடம், வட்டிக்கு 6 வருடம் வரை வழக்குப் போட நேரம் இருக்கிறது. ஒரு சின்ன ஆறுதல்: அந்தக் குறையைக் கேட்கப் போவதாக இருந்தால் விற்ற தேதியிலிருந்து ஆறு வருடத்துக்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் அதற்காகப் பள்ளியாடியில் ஒளிந்து உட்கார முடியுமா?

ஆகவே, ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்னால் பேங்கைக் கூப்பிடுங்கள். இதுதான் முக்கியம். வீட்டை எடுத்துக்கொள்வது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பாக்கி விழாதவனுக்குக் கிடைக்கிற பல வசதிகள் பாக்கி விழுந்தவனுக்குக் கிடைக்காது. நீங்கள் ஒழுங்காகக் கட்டிவருவதால் அதே பேங்கில் புது ரேட்டுக்கு மாறலாம், ப்ராடக்ட் ட்ரான்ஸ்ஃபர் என்பார்கள். அதற்கு வழக்கமாகச் சம்பளக் கணக்கை மறுபடி கேட்பதில்லை. 2022-க்குப் பின் ஏறிய வட்டி உச்சியிலிருந்து இறங்கியிருக்கிறது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ரேட் 2023 ஆகஸ்டில் 5.25, 2025 ஆகஸ்டில் 4. உங்கள் ஃப்ளாட்டில் கடன்தான் பெரும்பகுதி என்பதால் மலிவு ரேட் கிடைக்காது. 4.9 சதவீதம் கிடைத்தாலும் மாதம் 1,000 பவுண்டுக்குள் வந்துவிடும், 1,250-க்குப் பதிலாக.

ஆனால் கவனம். மறுபடி இரண்டு வருட ஃபிக்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் விற்றால் முன்கூட்டி முடிப்பதற்கான அபராதம் வரும். விற்கிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அபராதம் இல்லாத ட்ராக்கர் (பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ரேட்டோடு ஏறி இறங்கும் வட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பதிலேயே குறைந்த வட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

2023 ஜூனில் அரசும் பேங்குகளும் ஒப்புக்கொண்ட மார்ட்கேஜ் சார்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம், அல்லது காலத்தை நீட்டலாம், பெயர் கெடாது. உங்கள் கடனுக்கு வட்டி மட்டும் என்றால் 720 பக்கம் வரும். ஆனால் அது குடியிருக்கிற வீட்டுக்காகச் செய்தது, வாடகைக்கு விடுவதற்கென்று வாங்கிய கடனுக்குக் கிடையாது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். வாடகைக்கு விட பேங்கிடம் அனுமதி வாங்கினீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

பள்ளியாடிக்காரன்:

நன்றி அக்கா. அனுமதி வாங்கியிருக்கிறோம், ஒரு வருடத்துக்கு, ஏப்ரலில் முடிகிறது. பாக்கி எதுவும் இல்லை. ஐ.எல்.ஆர். இருக்கிறது. கட்டிடம் ஆறு மாடி. வாடகைக்கு இருக்கிறவர்களின் ஆறு மாத ஒப்பந்தம் முடிந்து இப்போது மாதாமாதம் ஓடுகிறது.

திரும்பிப் போவது பற்றி நேற்று ராத்திரி மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள், பிறகு "பிள்ளை இங்க ஸ்கூல்ல செட் ஆயிட்டான்" என்றாள். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

கோர்ட்டு ரோடு:

வக்கீல் என்ற முறையில் கடற்காற்றுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு விளக்கம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் 44ஏ என்று ஒரு பிரிவு. இந்திய அரசு அறிவித்த நாடுகளின் மேல்நிலை நீதிமன்றங்கள் கொடுத்த பணத் தீர்ப்பை, சான்றிட்ட நகலோடு இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பு போல நிறைவேற்றலாம். இங்கிலாந்து அந்தப் பட்டியலில் பல காலமாக இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு என்றால் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம். அருமனை 80 சென்ட் தம்பியின் பெயரில் இருப்பதால் அது ஜப்திக்கு உள்ளாகும் சொத்து. கனடா, அமெரிக்கா பட்டியலில் இல்லை. அந்த ஊர்த் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். அதனால் "என் மச்சான் டொரண்டோவிலிருந்து வந்தான், ஒன்றும் ஆகவில்லை" என்ற கதை இதற்குப் பொருந்தாது.

ஐக்கிய அரபு அமீரகத்தையும் 2020 ஜனவரியில் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கடற்காற்று எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று சொல்லவில்லை. நம்பரை மாற்றியதை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம்.

எதிர்க்க வழியே இல்லையா என்றால் இருக்கிறது. பிரிவு 13-இன் கீழ், அதிகாரமில்லாத நீதிமன்றம், வழக்கின் சாரத்தை விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு, இயற்கை நீதி மீறல், மோசடி என்று ஆட்சேபிக்கலாம். அங்கிருந்து வந்த சம்மனைப் பிரிக்காமல் வைத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்பது இதில் எதுவும் இல்லை. காலக்கெடுவும் பலர் நினைப்பது போல் இல்லை. தீர்ப்பு கொடுத்த நாட்டின் காலக்கெடுதான் பொருந்தும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிலர் அடுத்து சொல்லப்போவதையும் சொல்லிவிடுகிறேன்: "நிலத்தை மனைவி பெயருக்கு எழுதிவிடு." மனைவியும் அதே கடனில் கையெழுத்துப் போட்டவர். வேறு யார் பெயருக்கு மாற்றினாலும், கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். பள்ளியாடி வீடு அப்பா பெயரில், அவர் சம்பாதித்தது என்றால் அவர் இருக்கும்வரை அதை யாரும் தொட முடியாது. அதில் பயம் வேண்டாம்.

நடைமுறையில் எட்டாயிரம், பத்தாயிரம் பவுண்டுக்காக ஒரு பேங்க் இவ்வளவு தூரம் வருமா என்றால், பெரும்பாலும் பேரம் பேசித்தான் தீர்ப்பார்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று வளரவிட்டால் கணக்கு மாறும். சாவி அனுப்புகிற யோசனையில் உள்ள வினை அதுதான்.

குளச்சல் கடற்காற்று:

அண்ணாச்சி, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். தனியாக மெசேஜ் அனுப்புகிறேன்.

தக்கலை அக்கா:

மனைவி சொன்னதை நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். அப்படியானால் விற்கிற வழியைப் பார்ப்போம். நீங்களே விற்க வேண்டும், பேங்க் விற்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1,72,000-க்குப் போனால்: கடன் 1,75,700, ஏஜென்ட் கமிஷனும் சொலிசிட்டர் (சொத்து வக்கீல்) செலவும் கட்டிடத்தாரிடம் வாங்கும் கோப்புக் கட்டணமும் சேர்த்து 4,500 பக்கம். குறை 8,200 பவுண்டு, ஏறத்தாழ பத்து லட்சம். உங்களுக்கு இப்போது துண்டு விழுவதே வருடத்துக்கு ஆறு லட்சம். அதாவது இருபது மாதம் சும்மா இருந்தால் இந்தப் பத்து லட்சம் எப்படியும் போய்விடும், ஃப்ளாட்டும் கடனும் அப்படியே நிற்கும். தோட்டம் முழுதையும் விற்க வேண்டியதில்லை. நகைக் கடனோ இருபது சென்டோ போதும். அதுகூட உடனே வேண்டியதில்லை. கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்பதற்கு பேங்கின் சம்மதம் தேவை, சம்மதம் கேட்கும்போதே குறையைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுத்தில் பேசலாம். அசிஸ்டெட் வாலண்டரி சேல் (பேங்கின் துணையோடு நாமே விற்பது) என்று ஒரு ஏற்பாடு பல பேங்குகளில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் கோட்டயம் குடும்பத்திடம் கேளுங்கள். வாங்கும் எண்ணம் இருக்கிறதா? அவர்கள் வாங்கினால் ஏஜென்ட் கமிஷன் கிடையாது, வீடு காலியாகக் கிடக்காது, வாடகை கடைசி நாள் வரை வரும். 1,76,000-க்குப் பேசி முடித்தால் சொலிசிட்டர் செலவு போக 1,700 பவுண்டுதான் குறை. ஆறு மாடி என்றீர்கள். 2017-இல் கிரென்ஃபெல் கட்டிடம் எரிந்தபின் வெளிச்சுவருக்கு ஈ.டபிள்யூ.எஸ்.1 என்ற தீப் பாதுகாப்புச் சான்று இல்லாமல் பல பேங்குகள் வாங்குபவருக்குக் கடன் கொடுக்க யோசிக்கும். அந்தப் படிவம் இருக்கிறதா என்று கட்டிட நிர்வாகத்துக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள். அவர்கள் பதில் போட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்த்துவிடும்.

அவர்கள் வாங்க மாட்டார்கள், காலி செய்ய வேண்டும் என்றால் காலண்டரைப் பாருங்கள். 2026 ஏப்ரல் வரை இரண்டு மாத நோட்டீஸ் போதும். 2026 மே 1 முதல் புது வாடகைச் சட்டம் அமலுக்கு வருகிறது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அத்தோடு போய்விடும். விற்பதற்காக என்றால் நான்கு மாத நோட்டீஸ், அதுவும் குடியேறிய முதல் வருடத்துக்குள் முடியாது. அவர்களும் பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள், முதலிலேயே மனம்விட்டுப் பேசுங்கள்.

சர்வீஸ் சார்ஜை மட்டும் நிறுத்திவிடலாம் என்று யோசிக்காதீர்கள். கட்டாவிட்டால் கட்டிட உரிமையாளர் நேராக உங்கள் பேங்குக்கு எழுதுவார், பேங்க் கட்டிவிட்டுக் கடனில் சேர்த்துவிடும். லிஃப்ட் பில்லுக்கும் வட்டி கட்டுவீர்கள்.

பேங்கிடம் பேசத் தயக்கமாக இருந்தால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காது. காசு கேட்டு "உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம்" என்று ஃபேஸ்புக்கில் வருபவர்களிடம் போகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

இங்கே வரி, பணம் அனுப்பும் விஷயம் மட்டும் சொல்லிப் போகிறேன்.

வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய வீட்டை ஊருக்கு வந்தபிறகும் வைத்திருக்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தடை இல்லை. குறையைக் கட்ட இங்கிருந்து அனுப்புவதற்கு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை உச்சவரம்பு இருக்கிறது, அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒருவர் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால் மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (பேங்க் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்ப வரும், ஆனால் அதுவரை காசு முடங்கும். கணவன் பாதி, மனைவி பாதி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்றும் பிரிக்கலாம்.

பத்து வருடம் வெளியே இருந்ததால் முதல் இரண்டு மூன்று வருடம் நீங்கள் ஆர்.என்.ஓ.ஆர். (இங்கே இருந்தாலும் வரிச் சட்டம் முழு வசிப்பாளராகக் கணக்கிடாதவர்) ஆகத்தான் இருப்பீர்கள். அங்கே வாங்கும் வாடகைக்கு இங்கே வரி வராது. அந்தக் காலம் முடிந்தும் ஃப்ளாட் கையில் இருந்தால் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் பத்து லட்சம். நஷ்டத்தில் ஓடும் ஃப்ளாட் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இங்கிலாந்துப் பக்கம்: உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் ஏஜென்சி வாடகையில் அடிப்படை வரி 20 சதவீதம் பிடித்து அனுப்ப வேண்டும். என்.ஆர்.எல்.1 படிவம் போட்டு அனுமதி வாங்கினால் பிடிக்காமல் தருவார்கள், வருடக் கடைசியில் நீங்கள் ரிட்டர்ன் போட வேண்டும். விற்றபின், லாபமே இல்லாவிட்டாலும், 60 நாளுக்குள் அங்குள்ள வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் மறந்துவிட்டு அபராதம் கட்டுவது இதில்தான்.

பள்ளியாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பேங்கைக் கூப்பிட்டேன். நம் நேரத்துக்கு மத்தியானம் இரண்டரைக்கு மேல்தான் அவர்கள் போன் எடுப்பார்கள், அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து பேசினேன், வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டார். பாக்கி இல்லாததால் ஜனவரியில் அபராதமில்லாத ட்ராக்கருக்கு மாறலாம், மாதம் 1,020 பக்கம் வரும் என்றார். வாடகை அனுமதியை ஏப்ரலுக்குப் பின் இன்னும் ஆறு மாதம் நீட்ட விற்பனைக்கு வைத்திருக்கிற ஆதாரம் காட்டினால் பரிசீலிப்போம் என்றார். வட்டி மட்டும் கட்டும் வசதி வாடகைக்கு விட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

கோட்டயத்துச் சேட்டனிடமும் பேசினேன். அவருக்கு ஆசை இருக்கிறது, அவர் மனைவிக்கு மாடியும் தோட்டமும் உள்ள தனி வீடுதான் வேண்டுமாம். கிறிஸ்துமஸ் கழிந்து சொல்கிறேன் என்றார். ஈ.டபிள்யூ.எஸ்.1 படிவம் இருக்கிறது, 2023-இல் எடுத்தது, அது ஒரு நிம்மதி.

மாமனாரிடம் 80 சென்டை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். புரோக்கருக்குத்தான் வருத்தம். அவர் வேறு யாரிடமோ அட்வான்ஸ் பேசிவிட்டாராம், அது அவர் பாடு.

அக்கா, ஒரு சந்தேகம் மட்டும். விற்பதானால் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டுமா? டிக்கெட்டுக்கே ஒன்றரை லட்சம் ஆகும்.

தக்கலை அக்கா:

வேண்டாம். சொலிசிட்டர் அடையாளச் சான்று கேட்பார், பாஸ்போர்ட் நகலை நோட்டரியிடம் சான்றிட்டு அனுப்பினால் பெரும்பாலும் ஏற்பார்கள். நான் பத்மநாபபுரம் கோர்ட் பக்கத்தில் ஒரு நோட்டரியிடம் செய்தேன். எந்த வாசகம் எழுத வேண்டும் என்று சொலிசிட்டரிடம் முன்னாலேயே மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நோட்டரி தன் வழக்கமான சீலைக் குத்திவிட்டுப் போவார், அங்கே செல்லாது என்பார்கள். வீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை அச்சிட்டு, நீங்கள் இரண்டு பேரும் ஒரு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி சொந்தக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது, மாமனார், சித்தப்பா எல்லாம் வேண்டாம். எனக்குப் பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் போட்டார், பெயர், விலாசம், தொழில் எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட அசல் தாளைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், ஸ்கேன் போதாது என்பார்கள். கூரியருக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தேதியை நீங்கள் நிரப்ப வேண்டாம், அதைச் சொலிசிட்டர் விற்பனை முடியும் நாளில் போடுவார்.